விதி மறைந்த பின்னும் வாழும் வழக்கம்: பாத்திரமேற்பு விளையாட்டின் தொடக்ககால மரபு பிற விளையாட்டுகளிற் படிந்தமை பற்றி

1

கணினி விளையாட்டுகளிற் பழகிய ஒருவர், தாம் முன்னர் அறிந்திராத விளையாட்டொன்றைத் தொடங்கும்போது நடந்துகொள்ளும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. ஊரொன்றினுள் நுழைந்ததும் அவர் வீடுதோறும் புகுந்து பெட்டிகளையும் பானைகளையும் திறந்து பார்ப்பார். கையிற் கிடைத்த மருந்துக் குப்பிகளைப் பயன்படுத்தாது இறுதிவரை சேமித்து வைப்பார். பாதை இரண்டாகப் பிரியுமிடத்து, இலக்குக்குச் செல்லும் பாதையை விடுத்து மற்றையதை முதலில் ஆராய்வார். ஆற்றல் குறைந்த பகைகளோடு மீண்டும் மீண்டும் பொருதித் தம் படிநிலையை உயர்த்திய பின்னரே வலிய பகையை அணுகுவார். இவ்வாறு செய்யுமாறு அவ்விளையாட்டின் விதிகள் எவையும் அவரைப் பணித்தில. ஆயினும் அவர் ஐயுறவின்றி அவ்வாறே செய்கிறார்.

இவ்வழக்கங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுட் பலவற்றின் ஊற்றுக்கண், கணினித் திரையிலன்றி, 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களிற் சிறு குழுவினர் மேசையைச் சுற்றியமர்ந்து ஆடிய ஆட்டமொன்றில் உள்ளது. மேசைமேல் ஆடப்பெற்ற பாத்திரமேற்பு விளையாட்டின் தொடக்ககால வழக்கங்கள் எவ்விதிகளின் பேறாகத் தோன்றின என்பதையும், அவை பிற விளையாட்டுகளுக்கு இடம்பெயர்ந்தபோது எவை நிலைத்தன, எவை அருகின என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமா என்ற வினா எழலாம். மக்கள் தம் ஓய்வுநேரத்தை எவ்வாறு கழிக்கின்றனர் என்பது, அவர்தம் உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்பதோடு தொடர்பற்றதன்று. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஈடுபடும் ஒரு செயற்பாட்டின் உள்ளமைப்பை அறியாது விடுதல் சமூக ஆய்வுக்குப் பொருந்துவதுமன்று.

2

இவ்விளையாட்டின் தோற்றுவாயை அறியப் போர் விளையாட்டுகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். இந்தியாவிற் சதுரங்கமெனத் தோன்றிப் பாரசீகம் வழியாக மேற்கே சென்ற ஆட்டம், ஐரோப்பாவிலே போர்க்கலையைப் பயிற்றும் கருவியாக மாற்றப்பட்டது. 1780இல் பிறன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரித்துப் போர் விளையாட்டொன்றை அமைத்தார். பிரஷ்ய இராணுவ அதிகாரியான இளைய றைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட விதிகள் கட்டங்களைக் கைவிட்டு, உண்மையான நிலப்படத்தைப் பயன்படுத்தின. ஆடுவோர் தம் கட்டளைகளை நடுவருக்கு எழுதிக் கொடுத்தனர். நடுவர் தாயக்கட்டைகளை உருட்டி, அட்டவணைகளைப் பார்த்து விளைவை அறிவித்தார்.

அட்டவணைகள் பெருகியபோது ஆட்டம் மந்தமாகியது. எனவே 1876இல் வேர்டி டு வேர்னுவா என்னும் பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளைப் பெரிதும் தவிர்த்து, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்புக்கே முதன்மையளிக்கும் முறையை முன்வைத்தார். கணக்கீடு ஒருபுறமும் தீர்ப்பு மறுபுறமுமாக அமைந்த இம்முரண்பாடு இக்கட்டுரையின் பிற்பகுதிகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

1880இல் சாள்ஸ் ரொற்றன் எழுதிய ஸ்றற்றெகொஸ் என்னும் அமெரிக்க நூல், ஆடுவோர் எதனையும் செய்ய முயலலாம் என்றும், அதன் விளைவை நடுவர் தீர்மானிப்பார் என்றும் கொண்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர், மினசோற்றா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் வாழ்ந்த டேவிட் வெஸ்லி இந்நூலாற் கவரப்பட்டார். 1969இல் அவர் நடத்திய பிறவுன்ஸ்ரைன் என்னும் ஆட்டத்தில், படைகளை மட்டுமன்றித் தனிமனிதர்களையும் ஆடுவோருக்குப் பகிர்ந்தளித்தார். ஒருவர் நகர முதல்வர்; இன்னொருவர் பல்கலைக்கழகத் தலைவர்; ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நோக்கங்கள். படையை நகர்த்துதல் என்பது பாத்திரமேற்றல் என்னும் புதிய பண்பைப் பெற்ற கட்டம் இதுவே.

அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் இம்முறையைக் கற்பனையான பிளாக்மோர் என்னும் நாட்டுக்கும் அதன் கோட்டையின் நிலவறைகளுக்கும் கொண்டுசென்றார். விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், 1971இல் ஜெஃப் பெறனோடு சேர்ந்து செயின்மெயில் என்னும் இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டிருந்தார். ஆர்னசனும் கைகாக்சும் இணைந்து ஆக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், அதாவது நிலவறைகளும் பறவைநாகங்களும், 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகள். விலை 10 டொலர்.

3

தொடக்ககால ஆட்டக்காரரின் வழக்கங்களை அவர்தம் மனப்போக்கின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளுதல் தவறாகும். அவற்றுட் பெரும்பாலானவை விதிகளின் நேரடி விளைவுகளாகும். மூன்று எடுத்துக்காட்டுகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது, அனுபவப் புள்ளி. ஒரு பாத்திரம் குறித்த அளவு அனுபவப் புள்ளிகளைப் பெற்றதும் அடுத்த படிநிலைக்கு உயரும். நிலவறையிலிருந்து வெளிக்கொணரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி வழங்கப்பட்டது. பகையை வெல்வதற்கும் புள்ளி உண்டு. ஆயின் 1975இல் வெளிவந்த கிறேஹோக் என்னும் துணைநூல் பகைக்குரிய புள்ளிகளைப் பெரிதும் குறைத்தது. இதன் பயனாகப் புதையலே வளர்ச்சியின் முதன்மை வழியாயிற்று. போரிடுதல் இடர்மிக்கது, ஊதியமோ சிறிது. எனவே திறமையான ஆட்டக்காரர் போரைத் தவிர்த்தார். கதவிற் காதை வைத்துக் கேட்டார். நீண்ட கோலொன்றினால் தரையைத் தட்டிப் பொறிகளை அறிந்தார். சுவரின் நீளத்தை அளந்து படம் வரைந்து, மறைவறை இருக்கவேண்டிய இடத்தை ஊகித்தார். மூலைமுடுக்கெல்லாம் துருவித் தேடும் வழக்கம் பேராசையால் மட்டும் பிறந்ததன்று. பொன்னே கல்வியாகக் கணிக்கப்பட்ட ஒரு விதிமுறையின் தருக்கரீதியான விளைவு அது.

இரண்டாவது, உயிர்ப்புள்ளி. ஒரு வீரனின் தாங்குதிறன் எண்ணாற் குறிக்கப்படும். அடிபடுந்தோறும் அவ்வெண் குறையும். சுழியத்தை எட்டினால் அவன் வீழ்வான். அதுவரையும் அவன் முழு ஆற்றலோடு போரிடுவான். மனித உடலின் இயல்புக்கு இது முற்றிலும் மாறானது. எனினும் இதன் பிறப்பை அறிந்தால் வியப்பு நீங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக்கவசக் கப்பல்களுக்காகத் தாம் அமைத்திருந்த விதிகளிலிருந்து இதனை எடுத்ததாக ஆர்னசன் பிற்காலத்திற் கூறியுள்ளார். தம் பாத்திரம் ஒரே அடியில் மாய்வதை ஆட்டக்காரர் விரும்பாமையே இம்மாற்றத்துக்குக் காரணம். கப்பலுக்குரிய கணக்கு மனிதனுக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது, தொழிற்பிரிவு. 1974ஆம் ஆண்டு விதிகளிற் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூவகைப் பாத்திரங்களே இருந்தன. கள்வன் என்னும் நான்காம் வகை கிறேஹோக் துணைநூலிற் சேர்க்கப்பட்டது. ஒருவன் காக்க, ஒருவன் தாக்க, ஒருவன் ஆற்ற, ஒருவன் வழிதிறக்க என்னும் கூட்டுறவு ஒழுங்கு இதனால் உருவாயிற்று. தனியே சென்றவன் பெரும்பாலும் மீளவில்லை.

இம்மூன்றுக்கும் அடிப்படையாக அமைந்தவர் நடுவர். விதியில் இல்லாத எதனையும் ஆட்டக்காரர் முன்மொழியலாம். பூட்டிய கதவை உடைக்கலாம், அதன் கீல்களைக் கழற்றலாம், எரிக்கலாம், காவலனுக்குக் கையூட்டுக் கொடுக்கலாம், கதவையே விடுத்துச் சுவரை இடிக்கலாம். நடுவர் சிந்தித்து விடையளிப்பார், உடன்படாதவர் வாதிடுவார். இவ்வகையில் மேசையின் ஆட்டம் ஓர் உரையாடலாகவே நிகழ்ந்தது.

4

இவ்விளையாட்டு வெளிவந்த மறு ஆண்டே கணினியில் ஏறிவிட்டது. இலினோய் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிளேற்றோ என்னும் கல்விக் கணினி வலையமைப்பில், 1975இல் மாணவர் சிலர் நிலவறை ஆட்டங்களை எழுதினர். அவற்றுள் ஒன்று பெடிற்5 என்னும் பொருளற்ற பெயரைக் கொண்டிருந்தது. பாடக் கோப்புப்போலத் தோற்றி, நிருவாகத்தின் கண்ணிற் படாதிருத்தல் அப்பெயரின் நோக்கம். அது பலமுறை அழிக்கப்பட்டது. வேறு ஆட்டங்கள் அதன் வழியில் தோன்றின. இதே காலத்தில், டன்ஜன்ஸ் ஆட்டத்திற் பழகியவரும் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டவருமான வில் குறோதர், சொற்களால் மட்டும் ஆடப்பெறும் அட்வெஞ்சர் என்னும் விளையாட்டை எழுதினார். டொன் வூட்ஸ் 1977இல் அதனை விரிவாக்கினார். 1980இல் றோக், 1981இல் விசாட்றி, அதே ஆண்டில் அல்ற்றிமா ஆகியன தொடர்ந்தன. விசாட்றி, அல்ற்றிமா ஆகியவற்றின் வழிவந்த டிராகன் குவெஸ்ற் 1986இல் ஜப்பானில் வெளியாகி, அந்நாட்டின் பாத்திரமேற்பு விளையாட்டு மரபுக்கு வித்திட்டது.

இவ்விடப்பெயர்வில் நிகழ்ந்தது யாது? கணினி கணக்கிடுவதில் வல்லது. ஆகவே மேசையிற் சலிப்பூட்டிய அட்டவணைகளும் தாயக்கட்டை எறிதலும் அதற்கு மிக எளிதாயின. உயிர்ப்புள்ளி, படிநிலை, தொழிற்பிரிவு என எண்ணாற் சொல்லத்தக்க அனைத்தும் சேதமின்றிக் கடல் கடந்தன. நடுவரின் தீர்ப்பு மட்டும் கடக்கவில்லை. றோக் விளையாட்டிற் கதவின் கீலைக் கழற்ற விரும்புவோனுக்கு அதற்குரிய கட்டளை இல்லை. எழுதியவர் முன்கூட்டி எண்ணிப் பாராத எதுவும் அவ்வுலகில் இல்லை. றைஸ்விற்சுக்கும் வேர்டிக்கும் இடையிலிருந்த பழைய வழக்கு, பொறியின் இயல்பினால் றைஸ்விற்ஸ் பக்கமாகத் தீர்ந்தது எனலாம்.

இதனிலும் முக்கியமான மாற்றம் அனுபவப் புள்ளியில் ஏற்பட்டது. விசாட்றியிலும் டிராகன் குவெஸ்றிலும் புள்ளிகள் போரிற் பகையை வெல்வதன் மூலமே கிடைத்தன. புதையலுக்கும் படிநிலைக்கும் இடையிலிருந்த தொடர்பு அறுந்தது. மேசை விளையாட்டிலும் 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, பொன்னுக்குப் புள்ளி வழங்குதலைக் கட்டாயமற்ற விதியாக ஒதுக்கியது. இவ்வாறு போரைத் தவிர்ப்பதற்குக் காரணமாயிருந்த விதி மறைந்து, போரை நாடுவதற்குக் காரணமான விதி வந்தது. ஆயினும் மூலைமுடுக்கெல்லாம் தேடும் பழைய வழக்கம் மறையவில்லை. அது தன் காரணத்தை இழந்து தனித்து நின்றது. பின்வந்த விளையாட்டாக்குநர், ஆட்டக்காரர் தேடுவர் என்பதை அறிந்து, அவர் தேடுமிடங்களிற் பொருள்களை வைத்தனர். வழக்கம் விதியைத் தோற்றுவித்தது. விதியும் வழக்கமும் ஒன்றையொன்று ஆக்குவன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புதிய விதி புதிய வழக்கமொன்றையும் ஈன்றது. மெலிந்த பகைகளை மீண்டும் மீண்டும் வென்று புள்ளி திரட்டுதலை, ஆட்டக்காரர் ஆங்கிலத்தில் அரைத்தல் எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். ஆலையின் இயக்கத்தை நினைவூட்டும் அச்சொல் தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டதாகத் தோன்றவில்லை. மனித நடுவர் முன்னிலையில் ஒரே செயலை நூறு முறை செய்ய ஒருவரும் துணியார், நடுவரும் பொறார். அலுப்பறியாத பொறியின் முன்னிலையிலேயே அது இயல்வதாயிற்று. ஓய்வு உழைப்பின் வடிவத்தைப் பூண்டது இங்ஙனமே.

5

பாத்திரமேற்பு என்ற பெயரைத் தாங்காத விளையாட்டுகளிலும் இம்மரபு படிந்தது. 1993இல் வெளியான டூம் என்னும் சுடும் விளையாட்டை ஆக்கியோர் தமக்குள் டன்ஜன்ஸ் ஆட்டத்தை ஆடி வந்தவர். அவ்விளையாட்டிற் குருதி சொட்ட நிற்கும் வீரன், தன் உயிர்ப்புள்ளி சுழியமாகும்வரை தளராது ஓடுகிறான். மறைவறைகள் சுவர்களுக்குப் பின்னே ஒளிந்துள்ளன. 2007இன் மொடேர்ன் வோர்ஃபெயர், போட்டியாளர் ஒருவரோடொருவர் பொருதும் ஆட்டத்திலும் அனுபவப் புள்ளிகளையும் படிநிலைகளையும் புகுத்தியது. திறமைப் போட்டியான ஓர் ஆட்டத்தில், நெடுநேரம் ஆடியமைக்கே வெகுமதி கிடைக்கும் நிலை இதனால் உருவானது. பலகை விளையாட்டுகளில் 1989இன் ஹீறோகுவெஸ்ற் முதல் 2017இன் குளூம்ஹேவன் வரை இவ்வழி தொடர்கிறது. மொழி பயிற்றும் டுவோலிங்கோ என்னும் செயலி கூட மாணவரின் பயிற்சியை அனுபவப் புள்ளிகளாற் கணக்கிடுகிறது.

இவ்விடத்து எச்சரிக்கையொன்று அவசியம். புள்ளியும் படியும் காணப்படும் இடமெல்லாம் டன்ஜன்சின் வாரிசு எனக் கூறிவிடுதல் வரலாற்று முறையாகாது. நாணயமிட்டு ஆடும் பொறிகளில் மதிப்பெண் அதற்கு முன்னரே இருந்தது. வாடிக்கையாளரைப் பிணிக்கும் விமான நிறுவனப் புள்ளித் திட்டங்கள் 1981இல் வேறு வணிகக் காரணங்களுக்காகப் பரவத் தொடங்கின. அரிய பொருளைச் சேமித்தல் வறுமையை அறிந்த மனிதர் அனைவர்க்கும் பொது. எனவே மரபுரிமையை நிறுவ ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு வழக்கம், புதிய விளையாட்டின் தேவைகளால் விளக்கப்பட முடியாததாகவும், பழைய விளையாட்டின் விதியால் விளக்கப்படத் தக்கதாகவும், இரண்டுக்குமிடையே ஆட்கள் வழியான தொடர்பு அறியப்பட்டதாகவும் இருப்பின் மட்டுமே அதனை மரபுரிமை என ஏற்கலாம். கப்பற்கணக்காகிய உயிர்ப்புள்ளி இவ்வளவுகோலில் தேறும். வெறும் மதிப்பெண் தேறாது.

6

இதுவரை எண்ணும் மரபையே கண்டோம். தொடக்ககால மேசையில் இன்னொரு மரபும் இருந்தது. அதனை ஆக்கும் மரபு எனலாம். 1974ஆம் ஆண்டு நூல்கள் குறைபாடுகள் நிறைந்தவை. பல இடங்களிற் பொருள் மயக்கந் தருவன. அவற்றை வாங்கியோர் தத்தம் மேசைக்கேற்ப விதிகளைத் திருத்தியும் சேர்த்தும் ஆடவேண்டியிருந்தது. நிலவறையை வரைந்தவரும் நடுவரே. 1975இலேயே கென் சென்ற் ஆன்றே, ரணல்ஸ் அன்ட் ட்றோல்ஸ் என்னும் மாற்று விதிநூலை வெளியிட்டார். அவ்வாண்டிற் றொடங்கிய அலாறம்ஸ் அன்ட் எக்ஸ்கேர்ஷன்ஸ் என்னும் ஆர்வலர் இதழில் ஆட்டக்காரர் தம் விதித் திருத்தங்களையும் வாதங்களையும் பகிர்ந்துகொண்டனர். நுகர்வோனுக்கும் ஆக்குநனுக்கும் இடையே கோடு கிழிக்கப்படாத காலம் அது.

இம்மரபும் இடம்பெயர்ந்தது, ஆயின் கருவிகள் மக்கள் கையிற் கிடைத்த இடங்களில் மட்டுமே. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் றோய் ட்றப்ஷோ தொடங்கி, றிச்சேட் பார்ட்டில் வளர்த்த மட் என்னும் பலர் ஆடும் உலகில், புதையலைச் சதுப்பிலிட்டுப் புள்ளி பெறுதல் முறையாயிற்று. மேசையின் பொன்விதி இங்கு உருமாறித் தொடர்வதைக் காணலாம். உயர்ந்த படிநிலையை எட்டியவர் அவ்வுலகை நிருவகிக்கும் ஆற்றலைப் பெற்றனர். அதாவது, சிறந்த ஆட்டக்காரர் நடுவராயினர். 1990இல் தொடங்கிய லாம்டாமூ என்னும் உலகில் ஆட்டக்காரர் தாமே அறைகளையும் பொருள்களையும் ஆக்கினர். டூம் விளையாட்டை ஆக்கியோர் அதன் வரைபடக் கோப்புகளை மாற்றத்தக்கவையாக அமைத்தமையால், ஆட்டக்காரர் தம் சொந்த நிலவறைகளைக் கட்டிப் பகிர்ந்தனர். மேசையின் நடுவர் இவ்விடங்களில் வேறு வேடத்தில் மீண்டார்.

ஆகவே, எவ்வழக்கம் நிலைக்கும் என்பதைப் பொறியின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. விதியை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இறுதியிற் றீர்மானிக்கிறது.

இவ்வுரிமை குறித்த பூசல் மேசை விளையாட்டிலும் நேர்ந்தது. பலர் கூடி வளர்த்த ஆட்டம் விற்பனைப் பொருளானதும், யார் ஆக்கியது என்ற வினா நீதிமன்றம் சென்றது. தமக்குரிய பங்கு கோரி ஆர்னசன் 1979இற் றொடுத்த வழக்கு 1981இல் இணக்கமாக முடிந்தது. வெளியீட்டு நிறுவனம் 1997இல் விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனத்திடமும், அந்நிறுவனம் 1999இல் ஹஸ்புறோவிடமும் சென்றன. 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமம் விதிகளின் மையப்பகுதியைப் பிறரும் பயன்படுத்த இடமளித்தது. 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தை இறுக்கும் முயற்சி வெளிப்பட்டபோது, ஆட்டக்காரரும் சிறு வெளியீட்டாளரும் பேரளவில் எதிர்த்தனர். நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பைப் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வெளியிட்டது. 1975இல் இதழ்களில் விதிகளைப் பகிர்ந்தோரின் வழக்கம், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் ஓர் உரிமைக் கோரிக்கையாக எழுந்தது எனக் கொள்வதிற் றவறில்லை.

7

வழக்கங்களோடு கருத்துகளும் இடம்பெயர்கின்றன என்பதைக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் இயலாது. தொடக்க விதிகளிற் குள்ளர், வனதேவர் முதலிய கற்பனை மாந்தர் இனம் எனப் பொருள்படும் சொல்லால் வகுக்கப்பட்டனர். பிறப்பே ஒருவரின் ஆற்றலையும் அவர் எட்டக்கூடிய உயர்படியையும் வரையறுத்தது. சில கூட்டத்தார் பிறவியிலேயே தீயோர். இவ்வமைப்பு கேள்விக்குட்படாது கணினி விளையாட்டுகள் பலவற்றிற் பரவியது. விளையாட்டுத்தானே எனக் கடந்து செல்லலாம். ஆயின் எண்ணாக எழுதப்பட்ட கருத்து, சொல்லாக எழுதப்பட்டதினும் எளிதில் ஐயத்துக்குத் தப்பிவிடுகிறது. 2024இல் வெளிவந்த ஆட்டக்காரர் கைந்நூல் அச்சொல்லைக் கைவிட்டு உயிரின வகை எனப் பொருள்படும் சொல்லை ஏற்றது. பிறப்புக்கும் ஆற்றல் எண்களுக்கும் இடையிலான பிணைப்பையும் நீக்கியது. ஐம்பதாண்டு விவாதத்தின் பயன் அது.

தொகுத்து நோக்குமிடத்து, மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, ஆட்டக்காரரின் வழக்கங்கள் குறித்த விதிகளிலிருந்து பிறந்தன. அவ்விதிகள் மறைந்த பின்னும் வாழ்ந்தன. இரண்டு, எண்ணத்தக்கவை எளிதிற் பயணம் செய்தன. தீர்ப்பும் வாதமும் மனிதர் நேரிற் கூடிய இடங்களிலும், கருவிகள் அவர் கைக்கு வந்த இடங்களிலுமே நிலைத்தன. மூன்று, காரணத்தை மறந்த வழக்கம் இயற்கைபோலத் தோன்றும். அதன் வரலாற்றை அறிந்தவருக்கே அதனை மாற்றும் வழி புலப்படும்.

2023இல் வெளியான பால்டர்ஸ் கேற் 3 என்னும் கணினி விளையாட்டு, இருபது முகத் தாயக்கட்டையைத் திரையில் உருளக் காட்டுகிறது. பெட்டிகளை அடுக்கிச் சுவரேறுவது போன்ற, ஆட்டக்காரர் தாமே வகுக்கும் உபாயங்கள் பலவற்றுக்கும் இடந்தருகிறது. அதனைப் பலர் வரவேற்றமை, இழந்ததொன்றை அவர்கள் இன்னும் தேடுகின்றனர் என்பதைக் காட்டும். அவர்கள் தேடுவது புதையலை மட்டுமன்று. தாம் சொல்வதைக் கேட்டு, சிந்தித்து, மறுமொழி கூறும் ஒருவர் மேசையின் எதிர்ப்புறத்தில் இருந்த நிலையையுமே அவர்கள் தேடுகின்றனர்.